துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா?

எங்கள் மாடி வீட்டு அக்காவுக்கு இரண்டு பையன்கள். பெரியவன் சிங்கப்பூரில் இருக்கிறான், சின்னவன் துபாயில். ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னார்: "சின்னவன் பரவாயில்லப்பா, பக்கத்துலயே இருக்கான். மூணு மணி நேரம்கூட ஆகாது. பெரியவன்தான் ஏழு மணி நேரம் தள்ளிப் போயிட்டான்."

எப்படிக்கா கணக்குப் போட்டீங்க என்று கேட்டேன். அம்மா வந்து பார்க்கட்டும் என்று இருவரும் போட்டுக் கொடுத்த டிக்கெட்டுகளை வாட்ஸ்அப்பில் காட்டினார். ஒன்றில் சென்னையில் காலை 10:00 மணிக்குக் கிளம்பி துபாயில் பகல் 12:45-க்கு இறங்குவதாக இருந்தது. மற்றதில் சென்னையில் காலை 9:40, சிங்கப்பூரில் மாலை 4:30. அக்கா கழித்துப் பார்த்திருக்கிறார். துபாய்க்கு இரண்டே முக்கால் மணி, சிங்கப்பூருக்கு ஆறு மணி ஐம்பது நிமிடம். கழித்தலில் தப்பு இல்லை. ஆனால் வந்த விடை இரண்டுமே தப்பு.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். துபாய்க்கு ஏறத்தாழ 2,930. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மீனம்பாக்கத்திலிருந்து தாம்பரம் போகும் தூரம்தான். பயண நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே: நாலேகால் மணி நேரத்தைச் சுற்றி, முன்பின்னாக. கிழக்கே ஒரு பிள்ளை, மேற்கே ஒரு பிள்ளை, நட்ட நடுவில் அம்மா. அவருக்குத் தெரியாமலே சரியான இடத்தில்தான் குடியிருக்கிறார்.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் செல்பேசி ஒரு நொடியில் இரண்டு எண்களைத் தந்துவிடுகிறது. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, ஏன் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில்லை என்று அன்று அக்காவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். துணி காய்ந்து மடித்தும் ஆகிவிட்டது, பேச்சு முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூரம். 2,920 என்ற எண்ணை யாரும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை, விமானம் பறந்து பார்த்தும் சொல்லவில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதன் நடுவாக ஓர் அடையாளப் புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் புள்ளிக்கு அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. சென்னைக்கு வடக்கு 13 பாகை, கிழக்கு 80.2 பாகை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வடக்கு 1.4 பாகை, கிழக்கு 104 பாகை. உருண்டையான பூமியின் மேல் இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடு எது என்று கணக்குப் போட்டால் 2,920 வரும். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் ஒரு நூலின் இரு முனைகளையும் இரண்டு ஊர்களின் மேல் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் கிடக்கும் வழிதான் அது.

சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இது கிடைக்காது. சென்னை, சிங்கப்பூர் இரண்டும் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே பெரிய வேறுபாடு தெரியாது. டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். அது பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. வடக்கே ஏறி, ஆர்க்டிக் பகுதி வழியே போகும். வரைபடத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். எனக்கும் நூல் பிடித்துப் பார்க்கும்வரை கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரே வழித்தடத்துக்கு ஓர் இடத்தில் 2,920 என்றும் இன்னோர் இடத்தில் 2,928 என்றும் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். பூமி சரியான உருண்டை அல்ல. பூமத்திய ரேகையில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. சிலர் உருண்டை என்று வைத்துக் கணக்கிடுவார்கள், சிலர் இந்தச் சப்பையையும் சேர்த்துக்கொள்வார்கள். அதே தூரம் 1,815 மைல் என்றோ 1,577 கடல் மைல் என்றோ போட்டிருந்தாலும் அது வேறு தூரம் அல்ல. விமானிகள் பேசுவது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பூமியைச் சுற்றிய வட்டத்தில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கின் நீளம் அது. ஊர்கள் இருக்கும் இடத்தைப் பாகையில் சொல்வதால், தூரத்தையும் பாகையிலிருந்தே எடுப்பது அவர்களுக்கு வசதி.

இது விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள தூரம், ஊருக்கும் ஊருக்கும் அல்ல. பரந்தூரில் புதிய விமான நிலையம் வந்து, அங்கிருந்து கிளம்பினால் சிங்கப்பூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளிப்போகும். விமானத்துக்கு அது மூன்று நிமிட வேலை. பெட்டியோடு மயிலாப்பூரிலிருந்து பரந்தூர் போக வேண்டியவருக்கு எவ்வளவு நேரம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. திருச்சிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர், சென்னையைவிட 60 மட்டுமே கூடுதல். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் திருச்சியில் ஏறுவது வெறும் பழக்கத்தால் அல்ல, சரியான கணக்கும் அதுதான்.

சரி, விமானம் அந்த நூல்கோட்டின் மேல்தான் போகிறதா? போவதில்லை. வானத்திலும் சாலைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்தெழுத்தில் ஒரு பெயர் சூட்டி, அவற்றை இணைத்து வழித்தடங்கள் போட்டிருக்கிறார்கள். சென்னையில் கிளம்பும் விமானம் வங்காள விரிகுடாவைத் தென்கிழக்காகக் கடந்து, நிக்கோபார் தீவுகள் இருக்கும் பகுதியைத் தாண்டி, சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவே மலாக்கா நீரிணைப் பக்கம் இறங்கி வரும். நடுக்கடல்வரை சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகு பக்கத்து நாட்டு மையத்திடம் கைமாறும். கிழக்கே போகிறவர்களுக்கு 33,000, 35,000, 37,000 அடி என ஒற்றைப்படை உயரங்கள், எதிரே மேற்கே வருகிறவர்களுக்கு 34,000, 36,000, 38,000 என இரட்டைப்படை. நம் ஊர்ச் சாலைகளில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. புள்ளிக்குப் புள்ளி வளைந்து போவதில் சில பத்து கிலோமீட்டர் கூடும். இடிமேகம் குறுக்கே நின்றால் சுற்றிப் போவதில் இன்னும் கொஞ்சம்.

சில சமயம் சுற்று பெரிதாகிவிடும். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்தைச் சுற்றி இருந்த பயணம் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. 2019-லும் 2025-லும் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி, அரபிக்கடல் வழியே சுற்றின. ஊர்கள் அங்கேயேதான் இருந்தன. நூல் பிடித்தால் பழைய தூரம்தான் வரும்.

இப்போது நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட் விமானங்கள் உயரே போனதும் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,920-ஐ 900-ஆல் வகுத்தால் மூன்றேகால் மணி நேரம். டிக்கெட்டில் போட்டிருப்பது நாலேகால், சில சமயம் நாலரை. நடுவில் ஒரு மணி நேரம் எங்கே போனது?

கொஞ்சம் தரையில் போகிறது. விமான நிறுவனங்கள் பயண நேரம் என்று சொல்வது காற்றில் இருக்கும் நேரத்தை அல்ல. சரிவில் நிறுத்திய லாரிச் சக்கரத்துக்கு அடியில் க்ளீனர் கட்டை வைப்பார் அல்லவா, விமானச் சக்கரத்துக்கும் அப்படிக் கட்டை வைப்பார்கள். அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் விமானம் தனக்கான இடத்தில் நின்று மறுபடி கட்டை வைக்கும்வரை ஓடும். 'பிளாக் டைம்' என்று இந்தத் தொழிலில் சொல்வது இதைத்தான். பின்னோக்கித் தள்ளுவது, ரன்வே வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது, இறங்கிய பிறகு மறுபடி ஊர்வது எல்லாம் இதற்குள் அடக்கம். இரண்டு ஊரிலும் சேர்த்து இருபது முப்பது நிமிடம் சாதாரணமாகப் போய்விடும்.

கொஞ்சம் ஏறுவதிலும் இறங்குவதிலும் போகிறது. கிளம்பிய உடனே 900 வராது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டர் சுமாருக்குமேல் போகக் கூடாது. முழு உயரத்தை எட்ட இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், இறங்குவதற்கு அதைவிடக் கூட. அதோடு, எல்லா விமானமும் 900-இல் பறப்பதில்லை. நம் ஊரில் அதிகம் பார்க்கும் ஒற்றை நடைபாதை விமானங்களான ஏர்பஸ் 320, போயிங் 737 ஆகியவற்றின் வேகம் 830 அளவில் இருக்கும். இரட்டை நடைபாதை கொண்ட 787, ஏர்பஸ் 350 போன்றவைதான் 900-ஐத் தொடும். சிங்கப்பூர் தூரத்துக்கு இதனால் மட்டும் கால் மணி நேர வித்தியாசம்.

பிறகு, கிளம்பும் திசை. இதை விமான நிலையத்துக்கு மேற்கே பொழிச்சலூர் மொட்டைமாடியில் நின்று பார்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள். சென்னையின் பெரிய ரன்வே கிழக்கு–மேற்காகச் சற்றே சாய்ந்து கிடக்கிறது. அதன் ஒரு முனைக்கு 07 என்று பெயர், மறுமுனைக்கு 25. முறையே 70 பாகையையும் 250 பாகையையும் நோக்கியவை என்று அர்த்தம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். வடகிழக்குப் பருவக்காற்றிலும், கோடையில் பிற்பகல் கடற்காற்றிலும் சிங்கப்பூர் விமானம் கிழக்கே பார்த்து ஏறி அப்படியே கடலுக்குமேல் போய்விடும். தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மேற்கே பார்த்து ஏறி, பொழிச்சலூர்க்காரர்களின் காதைப் பதம் பார்த்துவிட்டு, வானத்தில் ஒரு திருப்பம் போட்டுக் கிழக்கே வரவேண்டும். சாங்கியின் ரன்வேக்கள் வடக்கு–தெற்கானவை. வடமேற்கிலிருந்து வரும் நம் விமானம் அங்கேயும் காற்றுக்கு ஏற்ப ஒரு வளைவு வளைந்துதான் வரிசைக்கு வரமுடியும்.

சென்னையில் இரவு கிளம்பிக் காலையில் சிங்கப்பூர் சேரும் விமானங்களுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. தென்மேற்குப் பருவ மாதங்களில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் இடிமழை மேகங்கள் வரிசை கட்டிக் கிளம்பி, விடிவதற்கு முன்னும் காலையிலுமாகச் சிங்கப்பூரைத் தாக்கும். 'சுமத்ராஸ்' என்றே அங்கே அதற்குப் பெயர். பலத்த காற்றும் மழையும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதுவரை விமானங்கள் வானத்திலேயே வட்டமடிக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே கப்பலை மூன்று முறை பார்த்தால், நீங்கள் அந்த வட்டத்தில் இருக்கிறீர்கள்.

இவ்வளவுக்கும் சேர்த்து விமான நிறுவனம் அட்டவணையில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளும். குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் 'நேரத்துக்கு வந்தது' என்று கணக்கு. ஆகவே கொஞ்சம் தாராளமாக எழுதி வைப்பதில் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. "இருபது நிமிடம் முன்கூட்டியே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வந்து எல்லோரும் மகிழும்போது, அந்த இருபது நிமிடம் முதலிலேயே நம்மிடம் வாங்கி வைத்ததுதான் என்று எனக்கு மட்டும் தோன்றும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது காற்று. விமானம் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் அந்த வேகத்தில் போகிறது என்றுதான் பொருள். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தால்? ஆற்றில் பரிசல் போகிற கதைதான். ஓட்டத்தோடு போனால் கரை வேகமாகப் பின்னால் போகும், எதிர்த்துப் போனால் துடுப்புப் போட்டவர் கைதான் வலிக்கும்.

மேற்கே போனால் மெதுவாகவும் கிழக்கே வந்தால் வேகமாகவும் விமானம் வரும் என்று ஒரு பொதுவிதி சொல்வார்கள். ஐரோப்பா, அமெரிக்கா இருக்கும் அட்சரேகைகளில் இது சரி. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நாளில், நியூயார்க்கில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் தரைக் கணக்கில் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டது என்று சிலர் எழுதினார்கள். மிஞ்சவில்லை. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது, காற்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதை வைத்து ஒரு நல்ல வேலை செய்தது. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் அதுவரை அட்லாண்டிக் வழியே ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தது, காற்றை எதிர்த்து. அதைத் திருப்பிப் பசிபிக் வழியே விட்டார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. நேரம் பதினாலரை மணியாகக் குறைந்தது, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். 1,400 கிலோமீட்டர் அதிகம் போய், முன்னதாகச் சேர்ந்தார்கள். தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

ஆனால் அந்தப் பொதுவிதி நம் சிங்கப்பூர் வழிக்குப் பொருந்தாது. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்னிந்தியாவின் உச்சந்தலைக்கு மேலே காற்று தலைகீழாக ஓடுகிறது, கிழக்கிலிருந்து மேற்காக. கோடையில் திபெத் பீடபூமி சூடாகி, அதற்கு மேலே உயரத்தில் ஒரு பெரிய உயர் அழுத்தம் உருவாகும். அதன் தெற்கு விளிம்பில் ஓடும் காற்று இது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று இதை அடையாளம் கண்டு 1958-இல் கட்டுரை எழுதியவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலையாளர், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். தரையில் நமக்குத் தென்மேற்கிலிருந்து காற்று வீசும் அதே நாட்களில், பதினாலு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு எதிர்த்திசையில் ஓர் ஆறு ஓடுகிறது. விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அதன் முழு வேகம் இருக்காது. இருந்தாலும் அதன் ஓட்டத்துக்குள்தான் போகவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானத்தின் வேகம் 850, எதிர்க்காற்று 70 என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும்போது தரைக் கணக்கில் 780 மட்டும். 2,920 கிலோமீட்டருக்கு 3 மணி 45 நிமிடம். திரும்பி வரும்போது 920, அதாவது 3 மணி 10 நிமிடம். வழி ஒன்றே, விமானம் ஒன்றே, போக வர 35 நிமிட வித்தியாசம். ஆடி மாதம் சிங்கப்பூர் போகிறவர்கள் இருக்கையின் முன்னால் உள்ள திரையில் வரைபடத்தைப் போட்டு, தரைவேகம் என்ன காட்டுகிறது என்று பார்க்கலாம். சினிமாவைவிட அது சுவாரஸ்யம் என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

காற்றைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும். என் கூடப்பிறந்த அக்காவின் மகனும் கேட்டான்: "பூமி கிழக்குப் பக்கம்தானே சுத்துது மாமா? பிளேன் சும்மா மேல போய் நின்னா, துபாய் தானா கீழ வந்துடாதா?" சென்னை நின்ற இடத்திலேயே மணிக்கு 1,600 கிலோமீட்டருக்குமேல் கிழக்கே ஓடிக்கொண்டிருப்பது உண்மைதான். ஆனால் காற்றும் விமானமும் அதோடு சேர்ந்தே ஓடுகின்றன. பாண்டியன் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை மேலே தூக்கிப் போட்டால் அது அடுத்த பெட்டியில் விழுவதில்லை, உங்கள் கையில்தான் விழும். பயல் உடனே ஆரஞ்சு கேட்டான்.

இனி மாடி வீட்டு அக்காவைக் குழப்பிய கடிகாரம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் டிக்கெட்டின் 6 மணி 50 நிமிடத்திலிருந்து இரண்டரையைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். துபாயின் இரண்டே முக்காலோடு ஒன்றரையைக் கூட்டினால் நாலேகால். திரும்பும்போது இது அப்படியே புரளும். சிங்கப்பூரில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் 11:35 அளவில் இறங்கிவிடலாம், ஏதோ ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்ட மாதிரி. துபாயில் 10 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் மாலை மூன்றரை ஆகிவிடும். கிழக்கே போகும்போது கூட்டிக் கொடுத்த நேரத்தைத் திரும்பும்போது கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் இரண்டரை மணியில் ஒரு சின்ன வரலாறும் ஒளிந்திருக்கிறது. சூரியனைப் பார்த்து நேரம் சொன்னால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஒன்றரை மணியும் கொஞ்சமும்தான் வித்தியாசம். ஒரு பாகைக்கு நாலு நிமிடம், 24 பாகைக்கு 96 நிமிடம். ஆனால் மலேசியா தன் தீபகற்பப் பகுதியையும் சபா, சரவாக் மாநிலங்களையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தபோது, சிங்கப்பூரும் கூடவே 1981 டிசம்பர் 31 இரவு தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டது. அதற்கு முன்பு நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான். சிங்கப்பூரில் காலை ஏழு மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டுகிறது என்று புதிதாகப் போகிறவர்கள் ஆச்சரியப்படுவது இதனால்தான்.

அந்தக் காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏறியவர்கள் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கப்பலில் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்துக்கொண்டே போவது வழக்கம். இரண்டு மணி நேரம் கூடியதே உடம்புக்குத் தெரியாது.

செல்பேசி இல்லாமல் மனக்கணக்காகப் பயண நேரம் தெரியவேண்டுமா? கிலோமீட்டர் தூரத்தை 800-ஆல் வகுத்து, வரும் விடையோடு அரை மணி கூட்டுங்கள். சென்னை–டெல்லி ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். வகுத்தால் 2 மணி 12 நிமிடம், அரை மணி கூட்டினால் 2 மணி 42. அட்டவணையும் இதையொட்டியே இருக்கும். சென்னை–லண்டன் ஏறத்தாழ 8,240. விடை பத்தே முக்கால் மணி நேரத்துக்குமேல் வரும். போகும்போது எதிர்க்காற்றில் பதினொன்றை நெருங்கும், வரும்போது பத்தேகாலை ஒட்டி வந்துவிடும். மிகப் பக்கத்து ஊர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். யாழ்ப்பாணத்தின் பலாலி நிலையம் சென்னையிலிருந்து 360 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அங்கே போவது இறக்கையில் விசிறி சுழலும் சிறிய ஏடிஆர் விமானம், அதன் வேகம் 500 அளவுதான். ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும். 360 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி, அதைப்போல எட்டு மடங்கு தூரமான சிங்கப்பூருக்கு நாலேகால் மணி. ஏறவும் இறங்கவும் ஊரவும் ஆகும் நேரம் எந்த ஊருக்கும் அதேதான்.

அக்காவுக்கு இதெல்லாம் புரிந்ததோ இல்லையோ, இரண்டு பிள்ளைகளும் ஒரே தூரம் என்றதும் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ பெரியவன் ஏன்டா வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர்றான்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

டிக்கெட்டைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று மட்டும். இந்தக் கழித்தலைவிட அதிகம் பேரை ஏமாற்றுவது நள்ளிரவு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆறு பெட்டிகளோடு, வழியனுப்ப வந்த பன்னிரண்டு பேரோடு, சரியாக ஒரு நாள் தாமதமாக மீனம்பாக்கத்தில் போய் நின்றது. டிக்கெட்டில் 12-ஆம் தேதி 00:15 என்று போட்டிருந்தால், 11-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கே விமான நிலையத்தில் இருங்கள்.